கையால் செய்யும் சிற்றேடுகள்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலேயே எழுதி, வரைந்து, நகலெடுத்து, மடித்துப் பிறருக்குக் கொடுக்கும் சிற்றேடுகளைப் பற்றிச் சென்ற மாதம் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டிருந்தோம். இளையர்கள் ‘ஸீன்’ என்று அழைக்கும் இவற்றைப் பற்றி எதிர்பாராத அளவுக்குக் கடிதங்கள் வந்தன. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம். பலர் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விடுத்து வட்டாரத்தை மட்டும் குறித்திருக்கிறோம்.

கேள்வி: பல்துறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் மகள் உள்ளங்கை அளவுள்ள மடித்த தாள்களைத் தோழிகளிடமிருந்து வாங்கி வருகிறாள். நாங்கள் பள்ளியில் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையைத்தான் இப்போது வேறு பெயரில் செய்கிறார்களா? — ஒரு தாய், செங்காங்

பதில்: உறவு உண்டு, ஆனால் வந்த வழி வேறு. கையெழுத்துப் பத்திரிகை பெரும்பாலும் ஒரே ஒரு படியாக இருந்தது. வகுப்பிலேயே அழகான கையெழுத்து உடையவர் அதை எழுதுவார். மற்றவர்கள் வரிசைப்படி வாங்கிப் படித்துத் திருப்பிக் கொடுப்பார்கள். ஸீன் நகலெடுக்கப்படுவதற்காகவே பிறந்தது. 1930-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்து அறிவியல் புனைகதை ரசிகர்கள் தங்களுக்குள் சுற்றுக்கு விட்ட ‘தி காமெட்’ என்னும் இதழை இந்த வகையின் முதல் இதழாகக் கொள்வது வழக்கம். ‘ஃபேன்ஸீன்’ என்னும் பெயரை 1940-இல் லூயிஸ் ரஸ்ஸல் ஷோவெனே என்னும் ரசிகர் வழங்கினார். 1976-இல் லண்டனில் மார்க் பெர்ரி என்னும் இளைஞர் பங்க் இசைக்காக ஓர் இதழைத் தட்டச்சு செய்தும் கையால் தலைப்பெழுதியும் நகலெடுத்து விற்றபோது, அச்சகத்தின் தயவு இல்லாமலேயே இதழ் நடத்தலாம் என்பது ஐரோப்பிய இளைஞர்கள் பலருக்குத் துணிவாயிற்று. 1990களில் அமெரிக்காவில் இளம்பெண்கள் தங்கள் அனுபவங்களை எழுதிக்கொள்ளும் களமாகவும் அது மாறியது. நகல் இயந்திரம் கடைக்குக் கடை வந்துவிட்டதே இதற்குப் பெரிய காரணம்.

தமிழில் இதற்கு நெருங்கிய உறவு என்று சிற்றிதழ்களைச் சொல்லலாம். சி. சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழைத் தாமே சுமந்துசென்று விற்றார் என்பது இலக்கிய வாசகர்கள் அறிந்ததே. ஆயினும் சிற்றிதழுக்குச் சந்தாதாரர்கள் உண்டு. அடுத்த இதழ் எப்போது என்ற கேள்வியும் உண்டு. ஸீனுக்கு அந்தக் கடமை இல்லை. ஒரே இதழோடு நின்றாலும் அது முழுமையானதே. என் பார்வையில் அதன் மிகப் பெரிய நற்குணம் இதுதான்.

மகள் கொண்டுவருபவற்றைப் படிக்க விரும்பினால் அவளிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். இத்தகைய ஏடுகளில் மனம் திறந்து எழுதுவோர் பலர். யார் படிக்கப் போகிறார்கள் என்பதை அறிந்தே அவர்கள் எழுதியிருப்பார்கள்.

கேள்வி: ஒரே ஏ4 தாளில் எட்டுப் பக்க ஏடு செய்யலாம் என்கிறார்கள். நான் மடித்தால் பக்கங்கள் முன்பின்னாக வருகின்றன. சில தலைகீழாகவும் நிற்கின்றன. சரியான முறை எது? — உயர்நிலைப் பள்ளி மாணவி, உட்லண்ட்ஸ்

பதில்: சில பக்கங்கள் தலைகீழாகத்தான் இருக்க வேண்டும், சிக்கல் எவை என்பதில்தான். தாளைப் படுக்கைவாட்டில் வைத்து, மேலே நான்கும் கீழே நான்குமாக எட்டுக் கட்டங்கள் விழும்படி மடித்து, ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டு விரித்துக்கொள். ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 74 மில்லிமீட்டர் அகலமும் 105 மில்லிமீட்டர் உயரமும் கொண்டிருக்கும். கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 8, 1, 2, 3 என்று பென்சிலால் எண்ணிடு; 1 முன்னட்டை, 8 பின்னட்டை. மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 7, 6, 5, 4 என்று வர வேண்டும். இந்த மேல் வரிசை நான்கும்தான் தலைகீழாக நிற்க வேண்டியவை. அவற்றை எழுதும்போது தாளையே சுற்றி வைத்துக்கொண்டு எழுது.

அடுத்தது வெட்டு. குறுகிய ஓரங்கள் இரண்டும் ஒன்றோடொன்று சேரும்படி தாளைப் பாதியாக மடித்து, மடிந்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் மேலேயே கத்தரிக்கத் தொடங்கி, எதிர்ப்படும் முதல் மடிப்புக் கோட்டோடு நிறுத்திவிடு. விரித்துப் பார்த்தால் தாளின் நடுவில் இரண்டு கட்டங்களின் நீளத்துக்கு ஒரு கீறல் இருக்கும். இப்போது எழுத்துகள் வெளியே தெரியும்படி நீளவாக்கில் பாதியாக மடித்து, இரு முனைகளையும் பிடித்து நடுவை நோக்கித் தள்ளினால், கீறல் வாய் திறந்து, மேலிருந்து பார்க்கும்போது கூட்டல் குறியின் வடிவில் நிற்கும். முன்னட்டை வெளியே வருமாறு சுற்றி மடித்தால் ஏடு தயார். பசையோ கம்பியோ தேவையில்லை.

வெட்டிய தாளை நகலெடுக்கக் கூடாது. மூலத்தாளை வெட்டாமல் அப்படியே தட்டையாக வைத்து நகலெடுத்து, நகல்களை மட்டும் மடித்து வெட்ட வேண்டும். நகல் இயந்திரங்கள் தாளின் ஓரத்தில் சுமார் ஐந்து மில்லிமீட்டர் இடத்தை அச்சிடாமல் விட்டுவிடுவது வழக்கம். மடிப்பும் சற்று விலகக்கூடும். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு புறமும் ஏழெட்டு மில்லிமீட்டர் வெற்றிடம் விட்டுவிடு. கறுப்பு மை பேனாவில் எழுதினால் நகல் தெளிவாக வரும். பென்சில் எழுத்து மங்கிப்போகும். வரிகோடு வேண்டுமானால் வெளிர்நீலப் பென்சிலில் மெல்லப் போட்டுக்கொள்ளலாம். கறுப்பு வெள்ளை நகலில் அது பெரும்பாலும் விழுவதில்லை. வெட்டி ஒட்டிய படங்களின் விளிம்பு நகலில் மெல்லிய கோடாகத் தெரிந்தால், விளிம்பின் மேல் வெள்ளைத் திருத்த மை தடவிவிட்டு மீண்டும் நகலெடு.

தாளின் மறுபக்கம் வெறுமையாக இருக்கும். அங்கே ஒரு முழுப் படமோ வரைபடமோ அச்சிட்டால், ஏட்டைப் பிரித்துப் பார்ப்பவருக்கு மட்டும் கிடைக்கும் பரிசாக அது அமையும். பாட்டி தாத்தாவுக்குக் கொடுப்பதானால் ஏ3 தாளில் செய். அதே மடிப்பில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு மடங்கு பரப்புடன் அஞ்சலட்டை அளவுக்கு வரும்.

கேள்வி: எனக்குக் கையெழுத்து நன்றாக இராது. கணினியில் தட்டச்சு செய்தால் வடிவமைப்பு மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறிவிடுகின்றன. சிறிய பக்கத்தில் வரிகளும் பொருந்துவதில்லை. — பொங்கோல் வாசகர்

பதில்: முதலில், கையெழுத்து நன்றாக இல்லை என்பது இந்தக் கலையில் தடையே அன்று. கோணல்மாணலான எழுத்தும் படிக்கும்படி இருந்தால் போதும். இருந்தாலும் தட்டச்சுதான் வேண்டும் என்றால், நீங்கள் கேட்டவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள்.

கொம்பு இடம் மாறுவதற்குக் காரணம், இந்திய எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வசதி அந்த மென்பொருளில் இயக்கப்படாமல் இருப்பது. அடோபி இன்டிசைனில் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி காம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துகள் ஒழுங்குக்கு வந்துவிடும். கட்டணம் இல்லாத லிப்ரே ஆபிஸில் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை. பழைய கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது என்று வேறொரு வாசகர் எழுதியிருந்தார். அது, இன்று பொதுவாக வழங்கும் யூனிகோடுக்கு முந்தைய குறியேற்றத்தில் (எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறையில்) தட்டச்சு செய்யப்பட்டது; மாற்றி நிரலில் இட்டு யூனிகோடாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஆளுக்கொரு குறியேற்றம் வைத்திருந்த அந்தக் காலத்தில், 1997-இல், தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி போன்றோர் முன்னின்று நடத்திய தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில்தான் நடந்தது என்பதை இளையர்களுக்கு நினைவூட்டத் தோன்றுகிறது. எழுத்துருவுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, பவனம், கையெழுத்துச் சாயல் கொண்ட கவிவனார் ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. ஓர் ஏட்டில் இரண்டு எழுத்துருவுக்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது சிக்கல் தமிழுக்கே உரியது. ஏ4 தாளை எட்டாக மடித்தால் வரும் ஏ7 பக்கத்தில் ஓரம் போக எழுதுவதற்குக் கிடைப்பது சுமார் 60 மில்லிமீட்டர் அகலம். அதில் ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்ற ஒரு சொல்லே வரியின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். இருபுறமும் சமமாக நிறுத்தினால் சொற்களுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக வெள்ளை விழும். ஆகவே இடப்புறம் மட்டும் சீராக வைத்து, வலப்புறத்தை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். சொல்லை உடைத்தே தீர வேண்டும் என்றால், அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்காதபடி உடைக்க வேண்டும்; ‘இருக்’ என்று ஒரு வரியும் ‘கிறார்கள்’ என்று அடுத்த வரியும் அமையலாம்; ‘இரு’ என்று நிறுத்திவிட்டு ‘க்கிறார்கள்’ என்று தொடங்குவது கண்ணை உறுத்தும். ‘கி’, ‘கு’ போன்றவற்றின் சுழிகள் வரிக்கு மேலும் கீழும் நீள்வதால், எழுத்தின் அளவு 10 புள்ளி (பாயிண்ட்) என்றால் வரிக்கு வரி 15 புள்ளியாவது இடைவெளி வேண்டும். இவையெல்லாம் செய்தும் பொருந்தவில்லை என்றால் குறை பக்கத்தில் இல்லை. நீங்கள் எழுதியது அந்த அளவுக்கு நீளம். வெட்டுங்கள்.

கடைக்கு எடுத்துச் செல்லும்போது எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் கோப்பாகவே கொண்டுபோங்கள். கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்கும் என்று நம்பிப் போவது வீண்.

கேள்வி: படங்கள் நகலில் கரிப்பிடித்தது போலக் கறுத்துவிடுகின்றன. நகல் கடைக்குப் பதிலாக ‘ரிசோ’ அச்சில் போடலாமா? — புக்கிட் பாஞ்சாங் வாசகி

பதில்: வண்ணப் படத்தை நேரே நகலெடுத்தால் சாம்பல் நிறங்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்து கறுக்கும். முதலில் கறுப்பு வெள்ளையாக மாற்றி, ஒளியையும் ஒளி-இருள் வேறுபாட்டையும் கூட்டி, முடிந்தால் நாளிதழ்ப் படங்களைப் போலப் புள்ளிகளாக மாற்றிக்கொள்ளுங்கள். எப்போதும் மூலத்திலிருந்தே நகலெடுங்கள். நகலின் நகல் ஒவ்வொரு முறையும் தேயும்.

ரிசோ என்பது ஜப்பானின் ரிசோ நிறுவனம் 1980களில் கொண்டுவந்த நகலச்சு இயந்திரம். பழைய சைக்ளோஸ்டைல் முறையின் வழித்தோன்றல் என்றே அதைச் சொல்லலாம்: மெல்லிய தாளில் வெப்பத்தால் துளையிட்டு, அதை மை உருளையில் சுற்றி, துளை வழியாக மையைத் தாளில் இறக்குகிறது. ஒரு நிறத்துக்கு ஓர் உருளை. இரண்டு நிறம் என்றால் தாள் இரண்டு முறை ஓட வேண்டும். அப்போது நிறங்கள் சிறிது விலகி விழுவதையே அழகு என்று கருதுவோர் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் மை காய நேரமாகும்; கை பட்டால் தீற்றும்; வழவழப்பான தாளுக்கு ஒவ்வாது. துளைத்தாளின் செலவு பத்துப் படிக்கும் நூறு படிக்கும் ஒன்றே என்பதால், ஐம்பது படிகளுக்குக் குறைவாகப் போடுபவருக்கு நகல் கடையே போதும் என்பது என் கருத்து. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸிலும் சன்ஷைன் பிளாசாவிலும் உள்ள அச்சுக் கடைகளில் தாள் மாதிரிகளைத் தொட்டுப் பார்த்துக் கேட்கலாம். உள்பக்கத்துக்கு 80 கிராம் தாளும் அட்டைக்கு 160 கிராம் தாளும் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை இது) பெரும்பாலான ஏடுகளுக்குப் பொருந்தும். அட்டை மடிக்கும்போது வெடித்துப் பிளந்தால், தாளின் இழை குறுக்கே ஓடுகிறது என்று பொருள். இழையோட்டத்தின் நெடுக்கில் மடிப்பு விழும்படி வெட்டித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: என் தந்தையார் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். எனக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. அங்கே வளர்ந்த நினைவுகளைப் பேரப்பிள்ளைகளுக்காக எழுதிவைக்க விரும்புகிறேன். நூலாகப் போடும் வசதி இல்லை. ஸீன் என் போன்றவர்களுக்கும் ஏற்றதா? — ஈசூன் வாசகர்

பதில்: உங்களுக்கு ஏற்றது, ஐயா. யாருக்காக எழுதுகிறோம் என்பதை முதல் வரியிலேயே நீங்கள் தீர்மானித்துவிட்டீர்கள். அளவு, எழுத்து, படி எண்ணிக்கை எல்லாம் அதிலிருந்தே முடிவாகும். பேரப்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றால் எழுத்து பெரிதாகவும் வாக்கியம் எளிதாகவும் இருக்கட்டும். அவர்களுக்குத் தமிழ் வாசிப்பு மெதுவாக இருந்தால், ஒரு பக்கம் தமிழும் எதிர்ப்பக்கம் அவர்களையே எழுதச் சொன்ன ஆங்கிலமுமாக அமைக்கலாம். அப்போது ஏடு இரண்டு தலைமுறையின் வேலையாகிவிடும்.

முழு வரலாற்றையும் எழுத முயல வேண்டாம். தளம் 1938-இல் திறக்கப்பட்டது, பிரிட்டிஷ் படைகள் 1971-இல் வெளியேறின என்பவற்றைப் புத்தகங்களிலேயே படித்துக்கொள்ளலாம். வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில் தெரு எப்படி இருந்தது, சம்பள நாளில் வீட்டில் என்ன சமைத்தார்கள், குடியிருப்பில் பக்கத்து வீட்டார் எந்த மொழியில் சண்டை போட்டார்கள் என்பவற்றை உங்களால் மட்டுமே சொல்ல முடியும். ஓர் ஏட்டுக்கு ஒரு பொருள் போதும். உங்கள் வயதுடைய நண்பர்களிடம் கேட்டுப் பதிவு செய்வதாக இருந்தால், அச்சிடுவதற்கு முன் அவர்கள் சொன்னதை அவர்களுக்கே படித்துக் காட்டி ஒப்புதல் பெறுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் இத்தகைய நேர்காணல்களைச் சேகரித்து வருகிறது. அவற்றில் சிலவற்றைக் கேட்டால், எந்தக் கேள்விக்கு மனிதர்கள் மனம் திறந்து பேசுகிறார்கள் என்பது விளங்கும்.

பழைய நிழற்படங்களை எந்தக் காரணத்துக்காகவும் மூலத்தாளில் ஒட்டாதீர்கள். வருடி (ஸ்கேன் செய்து) எடுத்த படத்தைப் பயன்படுத்தி, படத்தின் கீழே யார், எங்கே, ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதைக் குறியுங்கள். ஆண்டு உறுதியாக இல்லை என்றால் ‘தம்பி பிறப்பதற்கு முன்’ என்று எழுதினாலும் தகும்.

பதினாறு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஏ4 தாள்களைப் பாதியாக மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் பதினாறு பக்கம் வந்துவிடும். ஒரே முகத்தில் அருகருகே விழும் இரண்டு பக்க எண்களையும் கூட்டினால் எப்போதும் 17 வர வேண்டும்: 16-உம் 1-உம், அதன் பின்புறம் 2-உம் 15-உம், அடுத்த தாளில் 14-உம் 3-உம், இப்படியே நடுத்தாளில் 8-உம் 9-உம். கணினியிலிருந்து இருபுறமும் அச்சிடும்போது குறுகிய ஓரத்தில் திருப்பும்படி அமைக்க வேண்டும். இல்லையென்றால் பின்பக்கம் தலைகீழாகிவிடும்.

தைப்பதற்கு ஊசியும் கெட்டி நூலும் போதும். மடிப்புக் கோட்டின் நடுவில் ஒரு துளையும் மேலும் கீழுமாக ஒவ்வொன்றும் இட்டு, உள்ளிருந்து நடுத்துளை வழியாக ஊசியை வெளியே எடுத்து, மேல்துளையில் உள்ளே செலுத்தி, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளை வழியாக வெளியே கொண்டுவந்து, மீண்டும் நடுத்துளையில் உள்ளே விட்டால் நூலின் இரு முனைகளும் உள்ளே சந்திக்கும். நடுவில் ஓடும் நீண்ட நூல் இரண்டு முனைகளுக்கும் இடையில் வருமாறு வைத்து முடிச்சிடுங்கள். நூலை மெழுகுவத்தியில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் முடிச்சு நழுவாது.

கேள்வி: எங்கள் வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகள். தமிழ் வகுப்பில் இதைச் செய்ய எத்தனை பாடவேளை தேவைப்படும்? — தொடக்கப்பள்ளி ஆசிரியை, தெம்பனிஸ்

பதில்: முதல் பாடவேளையை மடிப்புக்கு மட்டுமே ஒதுக்குங்கள், வெற்றுத் தாளில் மடித்துப் பழகாத பிள்ளைகள் பிறகு எழுதியதைக் கத்தரித்துவிட்டு அழுவார்கள். எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி மூலத்தாளைப் பாழாக்காமல், தனித்தாளில் குறித்துக் கொடுங்கள். மதிப்பெண் வேண்டாம்.

கேள்வி: திரைப்படப் பாடல் வரிகளையும் வார இதழ்களிலிருந்து வெட்டிய படங்களையும் ஒட்டலாமா? எல்லோரும் செய்கிறார்களே. — தோ பாயோ வாசகர்

பதில்: எல்லோரும் செய்வது உண்மை, அதனால் அது சரியாகிவிடாது. சிங்கப்பூரின் காப்புரிமைச் சட்டப்படி ஓர் எழுத்தாளரின் படைப்புக்கு அவர் மறைந்தபின்னும் 70 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. 1921-இல் மறைந்த பாரதியாரின் கவிதையைத் தாராளமாக எடுத்தாளலாம். சங்கப் பாடல்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1981-இல் மறைந்த கண்ணதாசனின் பாடலை முழுமையாக அச்சிட உரிமையாளரின் இசைவு தேவை. விமர்சிப்பதற்காக ஓரிரு வரிகளை மேற்கோள் காட்டுவதும் முழுப் பாடலை அழகுக்காக அச்சிடுவதும் ஒன்றல்ல. 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், ஒருவரின் படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது அவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பதையும் உரிமையாக்கியிருக்கிறது. உங்கள் ஏட்டுக்குப் படம் வரைந்து கொடுத்த நண்பருக்கும் இது பொருந்தும். பின்னட்டையில் அவர் பெயரைப் போட மறந்துவிடாதீர்கள்.

படத்தை வெட்டி ஒட்டுவதைவிட, அந்தக் காட்சியை நீங்களே மோசமாக வரைந்து போடுவது எவ்வளவோ மேல் என்று எனக்குத் தோன்றும். படிப்பவரும் அதைத்தான் நினைவில் வைத்திருப்பார்.

கேள்வி: ஏடு தயாராகிவிட்டது. எத்தனை படி போடுவது, யாருக்குக் கொடுப்பது, விலை வைக்கலாமா? — மூன்று வாசகர்கள். ஜூரோங் வெஸ்ட், அங் மோ கியோ, பிடோக்

பதில்: முதலில் இருபது படி போதும். மூலத்தாள் கையில் இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் இன்னும் இருபது போடலாம். நூறு படி போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பவர்கள் அடுத்த ஏட்டைத் தொடங்குவதில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன். இருபதில் பாதியை யார் யாருக்கு என்று பெயர் குறித்து வையுங்கள். தமிழாசிரியர், அடுக்குமாடியில் மின்தூக்கியில் சந்திக்கும் பக்கத்து வீட்டு அக்கா, ஊரிலிருக்கும் மாமா என்று அந்தப் பட்டியல் கலவையாக இருப்பது நல்லது. எழுதுகிறவர்கள் எழுதுகிறவர்களுக்கே கொடுத்துக்கொண்டிருந்தால் வட்டம் விரைவில் சுருங்கிவிடும்.

மீதியை மாற்றிக்கொள்ளுங்கள். ஓர் ஏட்டைக் கொடுத்து இன்னோர் ஏட்டை வாங்குவது இந்தக் கலையின் பழைய வழக்கம். பக்க எண்ணிக்கையையும் தாளின் தரத்தையும் ஒப்பிட்டு யாரும் பேரம் பேசுவதில்லை. 2013-இல் தொடங்கிய சிங்கப்பூர் கலைப்புத்தகச் சந்தைக்குப் போனால் இத்தகைய ஏடுகளைச் செய்வோர் பலரை ஒரே இடத்தில் காணலாம். பையில் உங்கள் படிகள் சில இருக்கட்டும். ஏடு தமிழில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். அட்டையின் உட்புறத்தில் இரண்டு வரி ஆங்கிலக் குறிப்பு இருந்தால் கேட்பவருக்கு விளக்க உதவும். ஆண்டுதோறும் ஏப்ரலில் வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவில் நடக்கும் தமிழ்மொழி விழாவில் எத்தனையோ அமைப்புகள் நிகழ்ச்சி நடத்துகின்றன. ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் போட்டுச் சிற்றேடு மடிக்கக் கற்றுக்கொடுக்கும் அங்கம் ஒன்றை யாராவது முன்மொழிந்தால் நன்றாக இருக்கும்.

விலை வைக்கலாம். தாள், நகல், நூல் ஆகியவற்றின் செலவைப் படிகளால் வகுத்து, அதை அடுத்த முழு வெள்ளிக்கு உயர்த்திக்கொள்ளுங்கள். உழைப்புக்குக் கூலி சேர்த்தால் எவரும் வாங்க முடியாத விலை வரும். கடையில் விற்பனைக்கு வைத்தால், விற்ற பிறகே பணம் தந்து, விலையில் ஒரு கணிசமான பங்கைக் கடைக்காரர் எடுத்துக்கொள்வது வழக்கம். எத்தனை படி கொடுத்தோம் என்பதைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நடைபாதையிலோ ரயில் நிலைய வாசலிலோ நின்று உரிமமின்றி விற்க முடியாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மேசை போட விரும்பினால் நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். உணவகத்திலோ முடிதிருத்தும் கடையிலோ பத்துப் படிகளை வைக்க உரிமையாளரின் ஒரு சொல் போதும். தேநீருக்குக் காத்திருப்பவர்களைவிட முடிவெட்டக் காத்திருப்பவர்கள் பொறுமையான வாசகர்கள்.

அஞ்சலில் அனுப்புபவர்கள் எடையைக் கணக்கிட்டுக்கொண்டு வடிவமைப்பது நல்லது. 80 கிராம் தாளில் ஓர் ஏ4 ஐந்து கிராம் எடை உள்ளது. எட்டுப் பக்கச் சிற்றேடு உறையோடு சேர்ந்தும் மிகக் குறைந்த கட்டணத்துக்குள் அடங்கிவிடும். பதினாறு பக்க ஏடு அட்டையும் உறையுமாக 30 கிராமைத் தாண்டும். வெளிநாட்டிலிருக்கும் உறவினருக்கு ஒரு தாள் ஏட்டைப் பிடிஎஃப் கோப்பாகவே அனுப்பி, ‘அசல் அளவிலேயே அச்சிடவும்’ என்ற குறிப்போடு மடிக்கும் முறையையும் வரைந்து அனுப்பலாம். அவர்கள் கையாலேயே மடிப்பார்கள்.

கேள்வி: சிற்றேட்டுக்கு, நூல்களுக்கான பன்னாட்டு அடையாள எண்ணாகிய ஐஎஸ்பிஎன் வாங்க வேண்டுமா? தேசிய நூலகத்துக்குப் படி கொடுக்க வேண்டும் என்கிறார்களே? — புக்கிட் மேரா வாசகர்

பதில்: எண் கட்டாயமில்லை. படி கொடுப்பது வேறு செய்தி. சிங்கப்பூரில் விற்பனைக்காகவோ பொது விநியோகத்துக்காகவோ வெளியிடும் அச்சு வெளியீட்டின் இரண்டு படிகளை, வெளியிட்ட நான்கு வாரத்துக்குள் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். குடும்பத்துக்குள் கொடுக்கும் ஏட்டுக்கு இது பொருந்தாது. இதைத் தொல்லையாக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அச்சிட்டவற்றின் படிகளை அரசிடம் ஒப்படைப்பது இங்கே 1886-இலேயே சட்டமாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு சி. கு. மகுதூம் சாயபு தொடங்கிய ‘சிங்கைநேசன்’ வார இதழை இன்றைய ஆய்வாளர்களால் படிக்க முடிகிறது என்றால், யாரோ படிகளைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான். உங்கள் ஏட்டில் ஊர், ஆண்டு, வெளியிட்டவர் பெயர் அல்லது புனைபெயர் ஆகியவற்றைச் சிறிய எழுத்திலாவது அச்சிடுங்கள்.

கேள்வி: பழைய ஏடுகளும் மூலத்தாள்களும் சேர்ந்துவிட்டன. நம் ஊர் ஈரப்பதத்தில் எப்படிப் பாதுகாப்பது? — கிளமெண்டி வாசகி

பதில்: கம்பி அடித்த ஏடுகளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். நம் தட்பவெப்பத்தில் கம்பி துருப்பிடித்து மடிப்போரம் பழுப்பாகிவிடும். நெடுநாள் வைத்திருக்க வேண்டிய படியில் கம்பியைக் கழற்றிவிட்டு நூலால் தைத்துவிடுங்கள். நகலெடுத்த பக்கங்களைப் பிவிசி உறையில் போட்டால், கறுப்புப் பொடி நாளடைவில் உறையில் ஒட்டிக்கொண்டு எழுத்தோடு உரிந்து வரும். பாலிபுரோப்பிலீன் உறை என்று கேட்டு வாங்குங்கள். மூலத்தாள்களை மடிக்காமல், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு வெற்றுத் தாளை வைத்து, மூடியுள்ள பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு தட்டையாக வைக்கவும். பெட்டி வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் இல்லாமல், வீட்டின் உட்சுவர்ப் பக்கம் இருக்கட்டும்.